டிப்போ வாசலில் ஒன்பது நிமிடம்

குட்டியின் அப்பா பஸ் ஓட்டுகிறான். மதியம் இரண்டரைக்கு வண்டி எடுத்தால் பதினொரு மணிக்குத்தான் விடுவார்கள். குட்டியின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அறுவை சிகிச்சைக்கான கத்தி, கத்தரிகளைக் கழுவி, ஆவியில் சுத்தம் செய்து, பொட்டலம் கட்டி அனுப்பும் பிரிவு. காலை ஆறு முதல் இரண்டு வரை. இப்படி நேரம் கேட்டு வாங்கியதே இருவரும் சேர்ந்து போட்ட திட்டம்தான். கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அத்தையோ சித்தியோ இல்லாத வெளிநாட்டில் வேறு என்ன செய்வது?

திட்டம் பிசகவே இல்லை. குட்டிக்கு நாலு வயது ஆகப் போகிறது. போன மாதம் பாலர் பள்ளியில் சேர்க்கும்வரை அவள் ஒரு நாள்கூட அந்நியர் கையில் இருந்ததில்லை. ஒரே ஒரு குறை. வாரவிடுமுறை அவனுக்குச் செவ்வாய், அவளுக்கு ஞாயிறு. அந்த இரண்டு நாளும் குட்டியின் பின்னாலேயே ஓடிவிடும். மற்ற ஐந்து நாளும் புருஷனும் பெண்டாட்டியும் விழித்த கண்ணோடு சந்திப்பது பஸ் டிப்போ வாசலில், ஒன்பது நிமிடம். அவள் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவன் பிள்ளையோடு காரில் காத்திருப்பான். இறங்கி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒப்பிப்பான்.

"பால் குடிச்சா. சோறு பாதிதான். மூக்கு ஒழுகுது, காய்ச்சல் இல்ல."

அவள் தலையாட்டிவிட்டு, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் ஆஸ்பத்திரி நர்ஸுகள்கூட ஒரு நோயாளியை இவ்வளவு சுத்தமாகக் கைமாற்றுவதில்லை.

குட்டி தினமும் மூன்று மணி நேரம் பள்ளியில் இருக்க ஆரம்பித்ததும் அவனுக்கு ஓர் ஆசை வந்தது.

"அடுத்த செவ்வாய் நீ ஒரு நாள் லீவு போடேன். நாம ரெண்டு பேர் மட்டும் எங்கயாவது போவோம்."

"எதுக்கு?" என்றாள் அவள்.

தெரியாமல்தான் கேட்டாள். ஆனால் அந்த 'எதுக்கு' ஒரு வாரம் அவன் மனசில் கிடந்து உறுத்தியது. பிள்ளையை எடுத்துவிட்டால் தங்களுக்குள் பேச ஒன்றுமே மிச்சம் இல்லையோ என்று பயந்தான். வேலையிடத்தில் ஒருவரை மாற்றிவிட வரும் இன்னொருவர் என்பதைத் தவிர அவளுக்குத் தான் யார் என்று யோசித்தான்.

செவ்வாய் வந்தது. அவள் லீவு போட்டிருந்தாள். குட்டியைப் பள்ளியில் விட்டார்கள். அவன் எங்கே போவது என்ற யோசனையிலேயே காரை ஓட்டினான். வண்டி நின்றது. இறங்கினான். அவளிடம் சாவியைக் கொடுத்தான். "சோறு பாதிதான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான்.

டிப்போ காவலாளி அவனை வழிமறித்தார். "இன்னைக்கு உனக்கு லீவாச்சே. என்ன இந்தப் பக்கம்?"

அசடு வழியத் திரும்பினான். அங்கே பார்த்தால் அவளும் இடம் மாறி உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, பெல்ட்டும் போட்டு, வண்டியைக் கிளப்பியிருந்தாள்.

"நீ எங்க கிளம்பிட்டே?"

"நீங்க எங்க போனீங்க?"

வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சரி, இனி எங்கே போவது என்று அங்கேயே ஓரமாக நிறுத்திக்கொண்டு, டிப்போ மெஷினிலிருந்து இரண்டு காப்பி வாங்கி வந்து காரில் உட்கார்ந்தார்கள்.

"குட்டியப் பத்திப் பேசக் கூடாது, சரியா?" என்றான் அவன்.

அத்தோடு பேச்சு மூச்சில்லை. மழை வருமா என்று அவன் கேட்டான். வராது என்றாள். காப்பி தீர்ந்தது. பயந்தது நடந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். அப்படியே இரண்டு மணி நேரம் போயிருக்கும். அவள் காலி கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"என்னை சூப்பர்வைசராப் போடறேன்னு சொன்னாங்க."

"எப்ப?"

"நாலு மாசம் ஆச்சு. ஒம்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வேலை. நமக்கு ஒத்துவராதேன்னு முடியாதுன்னுட்டேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. "எங்கிட்ட நீ மூச்சு விடலியே."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க குட்டிக்குக் காது வலின்னீங்க. மருந்து எத்தனை சொட்டுன்னு சொன்னீங்க. அதுக்குள்ள உங்களுக்கு நேரமாயிடுச்சு. மறுநாள் அவங்க பதில் கேட்டாங்க, சொல்லிட்டேன். அப்புறம் உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

குரலில் கோபம் இல்லை. கத்தரி எத்தனை, கத்தி எத்தனை என்று எண்ணிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"உனக்கு அந்த வேலை வேணும்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் கண் கலங்கிவிட்டது. "நேத்து திரும்பவும் கேட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. தினமும் பாதிச் சோற்றுக்குக் கணக்கு ஒப்பித்தவனுக்கு, எதிரே நின்றவள் நாலு மாதமாக எதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றே முக்கால். அவள் கை தானாகவே பெல்ட்டைத் தேடியது. அவன் போனை எடுத்துப் பாலர் பள்ளியைக் கூப்பிட்டான்.

"இன்னைக்குப் பன்னெண்டுக்கு வர முடியாது. ஒரு மணிக்கு வரோம்."

டீச்சருக்கு ஆச்சரியம். ஒரு நிமிடம்கூடத் தாமதித்து அறியாத ஆள். "ஏதாவது அவசரமா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம். நானும் என் மனைவியும் பேசிக்கிட்டு இருக்கோம். இன்னும் முடியல."

சரி, ஆனால் ஒரு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவோம் என்றார் டீச்சர். அவன் போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"சொல்லு. அந்த வேலையில நீ என்னல்லாம் செய்யணும்?"