அக்காவாகவும் தம்பியாகவும் பேசியவள்

ஜெயிலுக்குள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ஒத்திகைக்காரி. முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகைத் திருப்பினால் 'ஒத்திகைக்காரி'. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் கோபப்பட்டதில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

விடுதலைக்குச் சில மாதங்களே பாக்கி இருக்கிற ஆட்களை வெளியுலகத்துக்குத் தயார் செய்வது அவள் உத்தியோகம். வெளியே போனால் எங்கே தங்குவான், என்ன வேலை பார்ப்பான், யார் வீட்டுக் கதவைத் தட்டுவான், தட்டினால் திறப்பார்களா, திறந்தால் என்ன பேசுவான், இத்தனையும் அவள் தலையில்தான். இதே வேலையை முன்னால் பார்த்தவர் புத்திமதி சொல்வார். சாயங்காலம்வரை சொல்வார். கேட்கிறவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான். இவள் வந்த முதல் வாரமே அதை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். "புத்தி சொன்னா திருந்தற ஆளுங்களா இருந்தா இவங்க இங்க வந்திருக்கவே மாட்டாங்க. ரெண்டு நாற்காலி குடுங்க, போதும்" என்று கேட்டு வாங்கினாள்.

நாற்காலி எதற்கு? நடிக்க! எதிரே உட்கார்ந்திருக்கிறவன் வெளியே யாரைப் பார்த்து அதிகமாகப் பயப்படுகிறானோ, அந்த ஆளாக அவள் மாறிவிடுவாள். வீட்டுக்காரன், மாமனார், வேலை கொடுக்க யோசிக்கிற முதலாளி, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "எந்த ஊரு, இத்தனை வருஷமா எங்க இருந்தீங்க?" என்று குடைகிற பெரியவர், எல்லாமே அவள்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். கொலைக்கேஸில் உள்ளே வந்த ஒரு முரடன், அவள் மாமியாராக வந்து உட்கார்ந்த அன்றைக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் அவளுக்கு மரம் வேஷம் கொடுத்தார்களாம். கையை நீட்டிக்கொண்டு கடைசிவரை நிற்க வேண்டும், வசனம் கிடையாது. அந்த ஆத்திரம்தான் இந்த வயதில் இப்படிப் பொங்குகிறது என்பது அவள் கணவருடைய கட்சி. பாவம் அந்த மனுஷன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்து களைத்து வீடு வந்தால், அடுப்படியிலிருந்து ஒரு முதலாளியின் குரல் அதட்டும். முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுவார். பிறகுதான், "இது எனக்கா, உள்ள இருக்கிற யாருக்காவதா?" என்று விசாரிப்பார்.

இந்த மாதிரி போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பூனையின் முறை வந்தது.

பூனை என்பது அவனுக்குத் தொழில் வட்டாரத்தில் வைத்த பெயர். ஓசைப்படாமல் நடப்பான். கடையை உடைத்துத் திருடிய செல்போன்களை, தையல்காரியான தன் அக்காவின் வீட்டில், வாடிக்கையாளர் கொடுத்திருந்த துணி மூட்டைகளுக்குள் ஒளித்து வைத்திருந்தான். அக்காவுக்குத் தெரியாது. போலீஸ் வந்து பாதி தைத்த துணிகளையெல்லாம் தெருவில் கொட்டிக் கிளறியது. அக்கம்பக்கம் அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு உள்ளே வந்தவன்தான். அக்கா ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை, ஒரு வரி எழுதவில்லை. அம்மா போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான், வேறு நாதி கிடையாது.

போய்ச் சேர ஒரு வீடும், 'வரட்டும்' என்று சொல்ல ஓர் ஆளும் இல்லாவிட்டால் அவனை ஊர்க்கோடியில் இருக்கிற விடுதிக்கு அனுப்புவார்கள். பூனையின் பழைய கூட்டாளி ஒருத்தன் அந்த விடுதி வாசலிலேயே டீக்கடை போட்டிருந்தான். அங்கே போனால் பூனை எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான் என்று ஜெயிலில் பந்தயமே கட்டியிருந்தார்கள். ஆக, அக்கா வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வர வேண்டும். வராவிட்டால் பையன் மறுபடியும் இங்கேதான்.

"எங்க அக்கா மன்னிக்காது மேடம்" என்றான் பூனை.

"அப்போ அக்காவைக் கூப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு ஒத்திகைக்காரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான், ஆளே மாறிவிட்டாள். "ஏன்டா, எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு வந்து நிக்கிற?"

மேடமாக இருக்கும்போது அவள் யாரையும் 'நீங்க' என்றுதான் சொல்வாள். உள்ளே அந்த மரியாதை அவர்களுக்கு வேறு யாரிடமும் கிடைக்காது. ஆனால் பூனைக்கு இந்த 'டா'தான் பிடித்திருந்தது. திட்டு வாங்க வாங்க முகம் தெளிந்தது. சில வாரங்களில் வசனம் மனப்பாடம். 'அக்கா, நான் செஞ்சது தப்பு. உன் பேரையும் தொழிலையும் கெடுத்துட்டேன். எனக்கு ஒரு வாய்ப்பு குடு.' பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, மூச்சு விடாமல் சொல்வான்.

இதற்குப் பிறகுதான் அவள் அக்காவைப் பார்க்கப் போனாள். முன்னாலேயே போயிருக்க வேண்டாமா? வேண்டும்தான். நடிப்பு ஜோரில் அம்மாளுக்கு அது தோன்றவில்லை.

ஒரு மளிகைக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் தையல் மெஷின், துணி, நூல்கண்டு, பொத்தான் டப்பா. கதவைத் திறந்தது ஒல்லியான ஒரு பெண், கழுத்தில் அளவு டேப். 'ஜெயிலிலிருந்து வருகிறேன்' என்று கேட்டதும் டேப்பை உருவிக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"ஐயோ, இல்லம்மா. நல்லா இருக்கார். வெளியில வரப் போறார்."

அக்கா அப்படியே மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். ஒத்திகைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வாரமும் சிங்கம் மாதிரி கர்ஜித்தோமே, இங்கே இருப்பது யார்? தப்பான ஆளை அல்லவா நடித்திருக்கிறோம்!

அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். போலீஸ் வந்த அன்று பூனை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அவளையும் மாடிக்கு இழுத்துப்போய், "எங்கே?" என்று அதட்டினார்கள். பயத்தில் அவள்தான் காட்டிக் கொடுத்துவிட்டாள். "அவன் மூஞ்சியில எப்படிங்க முழிப்பேன்? என்னைப் பார்த்தா என்ன நெனைப்பான்? அதான் வரவேயில்ல."

"வீட்டுக்கு வரட்டும்னு சொல்லுவீங்களா?"

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? விஷயம் தெரிஞ்சா அவன் வருவானா? நேர்ல சொல்லிட்டுத்தான் கூப்பிடணும். ஆனா வாயைத் திறந்தா அழுகைதான் வருது, பேச்சு வரமாட்டேங்குது."

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போட்டு உடைக்கக் கூடாது. இந்த வேலைக்கு அதுதான் முதல் விதி. அதனால் ஒத்திகைக்காரி தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். தரையில் துணிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், காதுமடலைச் சொறிந்தாள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "என்னக்கா" என்றாள்.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "அடப்பாவி, அப்படியே அவன்தான்!"

அன்று தொடங்கிய கூத்து. ஜெயிலில் தம்பிக்கு அக்கா, மளிகைக்கடை மாடியில் அக்காவுக்குத் தம்பி. இரண்டு பக்கமும் முழுக்கத் தெரிந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். தலை சுற்றியது, ஆனாலும் சுகமாக இருந்தது. ஒரே ஒரு சிக்கல். அசல் அக்காவைப் பார்த்தபிறகு அவளால் பழையபடி திட்ட முடியவில்லை. குரல் தானாகத் தழைந்தது. பூனைக்கு அது பிடிக்கவேயில்லை.

"என்ன மேடம், உடம்பு சரியில்லையா? எங்க அக்கா இவ்வளவு மெதுவா பேசாது."

"அக்காவுக்கும் வயசாகுது இல்ல? நீங்க உங்க வசனத்தைச் சொல்லுங்க" என்று சமாளித்தாள்.

அந்தப் பக்கம் வேறு மாதிரிச் சிக்கல். அக்கா தட்டுத் தடுமாறி, "நான்தான்டா உன்னைக் காட்டிக் கொடுத்தேன், மன்னிச்சுக்க" என்று சொல்லி முடித்துவிட்டுப் பதிலுக்காகத் தரையில் இருந்த தம்பியைப் பார்த்தாள். தம்பி எழுந்துவிட்டான். அதாவது, ஒத்திகைக்காரி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு மேடமாகிவிட்டாள்.

"இதுக்கு மட்டும் நான் பதில் சொல்லக் கூடாதும்மா. அவர்தான் சொல்லணும்."

"என்ன சொல்லுவான்?"

"எனக்குத் தெரியாது."

அது நிஜமாகவே தெரியாது. பூனை அந்தத் தொட்டியைப் பற்றி வாயே திறந்ததில்லை. தெரியாமல் இருந்து, தெரிந்தபின், 'உன் வீடே வேண்டாம்' என்று எழுந்து போய்விட்டால்? டீக்கடைக்காரன் தயாராகக் காத்திருக்கிறான். சந்திப்புக்கு முந்தின நாள் ஒத்திகைக்காரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார், பலனில்லை.

சந்திப்பு நடந்தது அதே அறையில். இரண்டு நாற்காலி, ஒரு மேசை. தனக்கு மூன்றாவதாக ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அக்கா கையில் ஒரு பையோடு வந்து உட்கார்ந்தாள். பூனை வந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் மேசையையே பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

"அக்கா, நான் செஞ்சது தப்பு, உன் பேரையும்..."

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், நான்தான்..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். 'நீ சொல்லு', 'இல்ல, நீ சொல்லு'. அதோடு போச்சு. எல்லாம் மறந்துவிட்டது. நடுவில் உட்கார்ந்திருந்தவள் அவனைப் பார்த்து 'தொழிலையும்' என்று உதட்டை அசைத்தாள், இவளைப் பார்த்து 'காட்டி' என்று உதட்டை அசைத்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். புதிதாகத் தைத்தது. பூனை போட்டுப் பார்த்தான். தோள் ஏறியது, கை ஏறியது. வயிற்றுக்கிட்டே பொத்தான் மட்டும் எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தான். ம்ஹூம்.

அக்காவின் முகம் மாறியது. "என்னடா இது தொப்பை?"

"சமையல்கட்டுல வேலை போட்டாங்கக்கா."

"சமையல்கட்டுலயா? நான் ஒவ்வொரு வேளையும் தட்டு முன்னாடி உட்காரும்போது, அவன் தின்னானோ இல்லையோன்னு அழுதுக்கிட்டே எழுந்திருப்பேன்டா! எலும்பும் தோலுமா இருப்பியோன்னு நெனச்சு அளவைக் குறைச்சுத் தெச்சேன். நீ இங்க ராஜா மாதிரி தின்னு கொழுத்திருக்கே. ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?"

"நீ ஒரு தடவை வந்து பார்த்திருக்கக் கூடாதா?"

ஒத்திகைக்காரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"எப்படிடா வருவேன்?" என்றாள் அக்கா. "நான்தானே உன்னைக் காட்டிக் கொடுத்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"தொட்டிக்குப் பின்னாடிதானே இருந்தேன், சந்துல எல்லாம் தெரிஞ்சுது. அவங்க கேட்டதும் நீ தொட்டியைப் பார்த்து ஓன்னு அழுதே. அதுக்கு மேல நீ வாயால வேற சொல்லணுமா? உனக்கு எந்தக் காலத்துல பொய் வந்திருக்கு?"

"ஏன், எனக்குப் பொய் சொல்லத் தெரியாதா?"

"தெரியாது. நான் அந்தப் போனையெல்லாம் உன் வீட்டுல ஒளிச்சு வெச்சதே தப்பு. உன் துணியையெல்லாம் தெருவுல கொட்டினாங்களே, அதைத்தான்க்கா என்னால மறக்க முடியல. நீ காட்டிக் கொடுத்ததெல்லாம் ஒரு விஷயமா?" என்றவன் காதைச் சொறிந்தான். "நீ வான்னு சொன்னா வருவேன். இல்லன்னா விடு."

"வராம எங்கடா போவே? மெஷின் ரூம்ல படுத்துக்க. ஆனா என் துணி மூட்டையில கைய வெச்சே, தோலை உரிச்சிடுவேன்."

"மெஷின் ரூம்லயா? நீ விடியறதுக்கு முன்னாடியே கடகடன்னு ஓட்டுவியே, மனுஷன் எப்படித் தூங்கறது?"

"ஓஹோ, துரைக்குத் தூக்கம் வேற வேணுமா?"

ஒத்திகைக்காரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இந்த இடத்தில் ஒரு நல்ல யோசனை அவளிடம் இருந்தது, இரண்டு பேருக்கும் பொதுவாக. முன்னால் சாய்ந்து, "நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்று ஆரம்பித்தாள்.

இரண்டு பேரும் சட்டென்று திரும்பினார்கள். ஒரே மூக்கு, ஒரே முறைப்பு. அக்காதான் பேசினாள், ரொம்ப மரியாதையாக.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் வெளியில இருக்கீங்களா? இது எங்க குடும்ப விஷயம்."

"ஆமா மேடம்" என்றான் பூனை.

இத்தனை வாரம் இந்தக் குடும்பத்தின் அக்காவாகவும் தம்பியாகவும் இருந்தவள் எழுந்தாள். சுருக்கென்றுதான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாத்தியதும் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்த வார்டர் பதறிப்போய் ஓடி வந்தான். உள்ளே சத்தம் கூரையைப் பிய்த்தது. ஜன்னலோரம் யார் படுப்பது, கரண்ட் பில்லில் யார் பாதி, அந்தக் காலத்தில் ரேடியோவை உடைத்தது யார்.

"மேடம், ரெண்டு பேரும் பயங்கரமா சண்டை போடறாங்க. உள்ள போய்ப் பிரிச்சு விடட்டுமா?"

"அந்தக் கதவுல கைய வெச்சுப் பாருங்க," என்றாள் அவள், "ஒடிச்சிடுவேன்."