ஒற்றர் பிரிவு கொண்டுபோன இடியப்ப உரல்

எனக்கு அநியாயம் செய்தவர் இரண்டாம் மாடிப் பொலிஸ்காரர் சால்வோ. இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசா என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடிக்கு வாசற்காவல் என் வேலை. இதே வேலை செய்கிற உங்களுக்குத் தெரியும், கட்டடத்தில் எது நடந்தாலும் முதலில் எங்களைத்தான் கேட்பார்கள், கடைசியில் எங்களைத்தான் பிடிப்பார்கள்.

கண் தெரியாத கட்டடம்

சால்வோ அப்போது மாஃபியாவைப் பிடிக்கிற பிரிவில் இருந்தார். மூன்றாம் மாடிக்குக் கறுப்புக் காரில் வந்தது யார் என்று கேட்பார். கார் வந்ததையே காணவில்லை என்பேன். நாலாம் மாடி சிஞ்ஞோரா ரோசாவிடம் போவார். முழுநாளும் பல்கனியில் இருக்கிற அந்தக் கிழவி, தனக்குக் கண்ணே தெரியாது என்பாள். சால்வோ இறங்கி வந்து என் தோளில் தட்டுவார்.

"குமார், உனக்கும் கண் போய்விட்டதா? இனி நீ அசல் பலெர்மோக்காரன்."

திரும்பி வந்த பார்வை

ஐரோப்பாவில் போர் வந்தது. சால்வோவை ஒற்றர் பிடிக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். சந்தேகமாக எதைக் கண்டாலும் சொல்லுங்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். அன்றைக்கே ரோசாவுக்குப் பார்வை வந்துவிட்டது. ஐந்தாம் மாடிப் புது அன்டெனா, பக்கத்து வீட்டு வெளிநாட்டு மாணவன், ஒன்றும் விடாமல் சொன்னாள். இவ்வளவு காலமும் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"மாஃபியாக்காரனைச் சொன்னால் சுடுவான். ஒற்றன் படித்தவன், கோபிக்க மாட்டான்."

அரிசிப் பைக்குள் பித்தளை

அடுத்து அவள் சொன்னது என்னை. வாசற்காரன் வீட்டில் பின்னேரங்களில் பித்தளைக் குழாய் ஒன்றை அமுக்குகிறார்கள், அடியால் வெள்ளைக் கம்பி வருகிறது என்றாளாம். சால்வோ இரண்டு பேரோடு வந்து கதவைத் தட்டினார். என் மனைவி போர்க்காலத்தில் ஊரில் வீடு வீடாக ஆமிச் செக்கிங் பார்த்தவள். நான் கதவைத் திறப்பதற்குள், பழைய பழக்கத்தில் இடியப்ப உரலை அரிசிப் பைக்குள் புதைத்துவிட்டாள்.

அவர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். அவள் மா குழைத்து, அவர்கள் முன்னாலேயே பிழிந்து அவித்து, தேங்காய்ப்பால் சொதியோடு கொடுத்தாள். மூவரும் இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டார்கள். இது எங்கள் ஸ்பகெத்தி போலத்தான் என்றான் ஒருவன். சால்வோ வாயைத் துடைத்துக்கொண்டு உரலைப் பையில் போட்டார்.

"ஸ்பகெத்தி செய்கிறவன் அதை ஏன் ஒளிக்கிறான்?"

விசாரணை நடக்கிறது

காலையில் சால்வோ வாசலைக் கடக்கும்போதெல்லாம் உரலைக் கேட்கிறேன். மேலிடத்தில் இருக்கிறதாம், அந்தத் துளைகளுக்கு இன்னும் விளக்கம் கிடைக்கவில்லையாம். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. பல்லரோச் சந்தைப் பக்கம் எங்கள் ஆட்களின் கடையில் புது உரல் தொங்குகிறது. நான் வாங்க மாட்டேன். வாங்கினால் அவர் செய்தது சரி என்றாகிவிடும். அதனால் தட்டில் ஒவ்வொரு நாளும் பாஸ்தா. முறைப்பட்டால் மனைவி திருப்பிக் கேட்கிறாள்.

"நான் ஒளிச்சது பிழை எண்டால், வாசல்லை நிண்டு அவங்களை உள்ளுக்கு விட்டது ஆர்?"

இத்தாலியின் இரகசியம் எதுவும் என்னிடம் இல்லை, என் இடியப்ப உரல்தான் இன்னும் இத்தாலியிடம் இருக்கிறது.