தவசியின் காதும் என் கையும்

காலையில் எதிர்த்த காலி மனையில் புல் வெட்ட ஆள் வந்திருந்தார்கள். தோளில் பெல்ட் போட்டு மாட்டிக்கொள்ளும் சின்ன மெஷின். கயிற்றை இழுத்துவிட்டதும் தெருவையே கூட்டுகிற மாதிரி கத்தியது. கூடவே ஆயில் கலந்த பெட்ரோல் புகை நீலமாக எங்கள் வராந்தாவுக்குள் நுழைந்தது. வீட்டுக்காரி இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள். நான் எழுந்துபோய்த் திறந்தேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

மற்றவர்களுக்கு மல்லிகை வாசத்தில், மழை வாசத்தில் ஞாபகம் வரும் என்கிறார்கள். எனக்கு இந்தப் புகையில் ஒரே ஒரு ஆள் ஞாபகம்தான் வரும். தவசி. அவன் மேல் எனக்கு இருந்தது நட்பா என்று கேட்டால் ஆமாம் என்பேன். ஆனால் அதைவிட அதிகமாக இருந்தது பொறாமை. இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்போது ராஜபாளையத்தில் ஒரு பம்புசெட் பட்டறையில் இருவரும் மெக்கானிக். நான் டிப்ளமோ. அவன் எட்டாவது. சான்றிதழை நான் சட்டம் போட்டு அறைச் சுவரில் மாட்டியிருந்தேன். அவன் எதையும் மாட்டவில்லை, அவனுக்குக் காது இருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் இரும்பு முனையை இஞ்சின் மேல் வைத்து, மரப்பிடியைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடுவான். திறக்கும்போது பழுது தெரிந்திருக்கும். நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

மாட்டுவண்டியில் இஞ்சினை ஏற்றிக்கொண்டு வருகிற தோட்டக்காரச் சம்சாரிகள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "தவசி இல்லையா?" இந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. "நான் இருக்கேன், சொல்லுங்க" என்றால், "இல்ல, இருக்கட்டும், செத்த நேரம் உக்காந்திருக்கேன்" என்பார்கள். டீக்கடைக்காரர்கூட அவன் கிளாஸில்தான் பாலாடை போடுவார். ஒருநாள் வேண்டுமென்றே அவன் கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டேன். ஆடை தொண்டையில் ஒட்டிக்கொண்டு வாந்தி வந்தது. எனக்கு ஆடையே பிடிக்காது.

இந்தச் சமயத்தில் முதலாளி ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளைப் பட்டறை போட இடம் பிடித்தார். எங்களில் ஒருவனைப் பொறுப்பாகப் போடுவதாகப் பேச்சு. பொறுப்பென்றால் தனிச் சாவி, தனி மேஜை, பலகையில் பெயர். எந்தப் பெயர் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தவசி மட்டும் எப்போதும் போல இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அப்போதுதான் அந்தப் படகு இஞ்சின் வந்தது. பிளவக்கல் அணையில் மீன் குத்தகை எடுத்திருந்த ஒருவர், படகின் பின்பக்கத்தில் மாட்டுகிற, ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் இஞ்சின் ஒன்றைத் தூத்துக்குடிப் பக்கமிருந்து பழசாக வாங்கியிருந்தார். படகைப் பார்த்துக்கொள்பவர் பெருமாள் என்ற வத்திராயிருப்புக்காரர். அவர்தான் அதைக் கோணிச் சாக்கில் சுற்றி ஜீப்பில் கொண்டுவந்தார்.

"எடுத்ததும் புலி மாதிரிப் போகுது தம்பி. கா மணி நேரம் போயி சூடேறிட்டா எளச்சிப் போயி நின்னுருது. ஆற விட்டா மறுபடி ஓடுது. நடுத்தண்ணியில நின்னு எம்புட்டு நாளு துடுப்பப் போட?"

சூடானால் இளைக்கிறது, ஆறினால் ஓடுகிறது. கேட்டதும், சூட்டுக் கோளாறுதான் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். கடலே பார்க்காத ஊரில் படகு இஞ்சினுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்ற பெருமை வேறு.

பெட்ரோல் டேங்க்கைப் பெருமாள் கொண்டுவரவில்லை. இந்த வகை இஞ்சினுக்கு டேங்க் தனி. படகுக்குள் தரையில் கிடக்கும் சிவப்புத் தகரப்பெட்டி. அது இல்லாதது எங்களுக்குக் குறையாகவே படவில்லை. எங்கள் பட்டறையில் எந்த இஞ்சின் வந்தாலும் டேங்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டிலில் டீசலோ பெட்ரோலோ ஊற்றி உத்தரத்தில் தொங்கவிட்டு, டியூப் வழியாகத்தான் ஓட்டிப் பார்ப்போம். நோயாளி மாதிரி வரிசையாக பாட்டில் தொங்கும். அது எங்கள் பழக்கம். யாரும் அதை ஏன் என்று கேட்டதில்லை.

தண்ணீர் நிறைந்த டிரம்முக்குள் இஞ்சினின் விசிறி இருக்கும் கால் பகுதியை இறக்கி, பாட்டிலை மாட்டி ஓட்டினோம். ஒரு மணி நேரம் சளைக்காமல் ஓடியது. தவசி காதை வைத்துக் கேட்டான். "ஒரு கொறையும் இல்லலே" என்றான். அவன் முகத்தில் முதல்முறையாகக் குழப்பத்தைப் பார்த்தேன். உள்ளுக்குள் சர்க்கரை தின்றதுபோல இருந்தது எனக்கு. இருந்தாலும் பிளக்கை மாற்றினான், கார்புரேட்டரைக் கழுவினான், தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரத்தையும் புதிதாகப் போட்டான்.

மறுநாள் பிளவக்கல்லுக்குப் போனோம். மலை அப்படியே தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் இடம். முன்னால் துடுப்போடு பெருமாள், பின்னால் இஞ்சினைப் பிடித்தபடி தவசி, நடுவில் டேங்க்கைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு நான். கால் மணி நேரம் பறந்தது. பிறகு பெருமாள் சொன்னபடியே இளைத்தது. தவசி என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு கார்புரேட்டர் திருகை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டிருந்தான்.

நான் கீழே பார்த்தேன். டேங்க்கிலிருந்து இஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவில், கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றுவதற்கு ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அது உருண்டையாக இல்லை. சூப்பிப் போட்ட சப்பட்டை மாம்பழத் தோல் மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது. டேங்க் மூடியின் உச்சியில் ஒரு சின்னத் திருகு. உள்ளே காற்றுப் போக வேண்டிய வழி. இறுக மூடியிருந்தது. இஞ்சின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, உள்ளே அந்த இடத்தை நிரப்பக் காற்று இல்லை. கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் வருவது நின்றுவிடும். நிறுத்தி வைத்தால் எங்கேயாவது கசிந்து காற்று ஏறும், மறுபடி ஓடும். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டறையில் டேங்க் இல்லாமல் பாட்டில் போட்டு ஓட்டியதால்தான் பழுது எங்கள் கண்ணில் படவேயில்லை.

புத்தகத்தில் படித்தது என் வாழ்க்கையில் முதல்முறையாக வேலைக்கு ஆனது. இரண்டு விரலால் திருகைத் தளர்த்தினேன். காற்று உள்ளே ஏறுவதை விரல் உணர்ந்தது. உருண்டை உப்பியது. இஞ்சின் ஒரு உதறு உதறிவிட்டு முழு வேகத்தில் எழுந்தது.

வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் தவசி திரும்பினான். முகமெல்லாம் பல். "புடிச்சிட்டேம்லே! இந்த ஊசித் திருகுதான் கழுத!"

அவன் தன் திருகால் ஆனது என்று நினைத்துவிட்டான். பெருமாள் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, "தவசின்னா தவசிதான்" என்றார். அந்த வார்த்தை முடிவதற்குள் என் கை மறுபடியும் மூடிக்குப் போயிருந்தது. திருகை இறுக்கினேன். நன்றாக இறுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் இஞ்சின் நின்றது. பெருமாள் அதன் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். அதற்குள் காற்று கசிந்து ஏறியிருக்க வேண்டும், ஓடியது. "பாத்தியா, சூடுதான்" என்று தவசியே சொன்னான். நானும் "சூடுதான்" என்றேன்.

அடுத்த இரண்டு நாள் அவன் இஞ்சினை முழுக்கப் பிரித்தான். சாப்பிடக்கூட எழவில்லை. ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்து வரிசையாக வைத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தேன், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். "நீ இல்லன்னா ஒத்தையில கெடந்து சாகணும்லே" என்றான். இரண்டு நாளும் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒவ்வொரு முறை சொல்ல நினைக்கும்போதும் யாராவது வந்து "தவசி இல்லையா?" என்றார்கள்.

அடுத்த பயணத்துக்கு முதலாளியே வந்தார், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. நடுத் தண்ணீரில் இஞ்சின் இளைத்து நின்றது. அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான் வரும்; வீட்டுப் பாஷை. பொரிந்து தள்ளினார். பிறகு எங்களுக்கும் புரியட்டும் என்று தமிழில், "ரெண்டு நாளாப் பிரிச்சுப் போட்டு என்னத்தக் கிழிச்ச?" என்றார். தவசி தலையைக் குனிந்துகொண்டான்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மொதலாளி, டேங்க் மூடியச் செத்த பாக்கட்டுமா?" திருகைத் தளர்த்தினேன், உருண்டையை அமுக்கினேன். அணையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தோம். படகு இளைக்கவேயில்லை.

"பெட்ரோலு ஆவியாப் போயிரும்னு நாந்தான் முறுக்கி வச்சேன்" என்று பெருமாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். முதலாளி என் முதுகில் தட்டினார். படிச்சவன் படிச்சவன்தான் என்றார்.

கரையில் இறங்கியதும் தவசி டேங்க் மூடியைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். மற்ற இருவரும் ஜீப்புக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு ஒரு தடவ திடீர்னு எடுத்துச்சே… அப்பவே தொறந்தியாலே?"

"இல்லப்பா. இன்னைக்குத்தான் தோணுச்சு."

அவனுக்கு எதையும் காதால் கண்டுபிடிக்கத் தெரியும் என்று சொன்னேனே. என் குரலையும் கேட்டிருப்பான். மூடியை என் கையில் கொடுத்துவிட்டு முதலாளியிடம் போனான். "இவனையே வில்லிபுத்தூருக்குப் போடுங்க மொதலாளி. இவன் கண்ணுக்குத் தப்பாது" என்றான். குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னான்.

சாவி வந்தது, மேஜை வந்தது, பலகையில் பெயர் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் சம்சாரிகள் என் பட்டறை வாசல் வழியாகவே இஞ்சினை ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்துக்குத் தவசியிடம் போனார்கள். பலகைக்குக் கீழே உட்கார்ந்து அந்த வண்டிகளை நான் எண்ணினேன். அவன் வீட்டு விசேஷங்களுக்குப் போனேன், அவனும் வந்தான். அந்த மூடியைப் பற்றி இருவரும் பேசவேயில்லை.

இப்போது இரண்டு பட்டறையும் இல்லை. கிணறுகளில் எல்லாம் கரண்ட் மோட்டார். ராஜபாளையம் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. என் பட்டறையை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். தவசியும் போன ஆடியில் போய்விட்டான். துட்டிக்குப் போயிருந்தேன். பக்கத்து ஊரான கிருஷ்ணன்கோவிலில் வேலை பார்க்கும் அவன் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்பா ஒங்களப் பத்தித்தான் மாமா எப்பவும் சொல்லுவாக. பட்டறையிலயே மூளைக்காரன் அவந்தான்னு. தான் ரெண்டு நாளாப் பிரிச்சும் தெரியாத பழுத நீங்க ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சியளாமே, படகு இஞ்சின்ல? அது எப்படி மாமா ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சுது?"

அன்று படகில் நடந்ததைத் தெரிந்தவன் உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தான். அவன் மகளிடமாவது சொல்லியிருக்கலாம்.

"சும்மா தோணுச்சும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள், நம்பிவிட்டாள். பெட்டிக்குள் அவன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை வெளியே விடாமல் இருந்திருக்கிறான். என்னால் முடியவே முடியாது. அப்போதும் அவன் மேல் பொறாமையாகத்தான் இருந்தது.