அறுபதாம் நிறம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கூடுவாஞ்சேரியில் என் வறுவல் மில்லைப் போல இன்னொன்றைக் காட்டட்டும், பார்க்கலாம். ராகியோ பார்லியோ, வாசனையிலேயே பதம் சொல்லிவிடுவேன்.

என் மருமகன் சதுரங்கப்பட்டினத்துக்காரர். ஜெர்மனியில் வேலை. அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுவது அவருக்குப் பொழுதுபோக்கு. போன வருஷம் லீவில் வந்தபோது, எடுத்துப்போக முளைகட்டிய பார்லியை வறுத்துத் தரக் கேட்டார்.

"நிறம் அறுபது வரணும் மாமா."

"நம்மகிட்டயே அளவு கீது மாப்ள!"

மூடிப்போன ஒரு ஃபாக்டரியில் வறுக்கிற டிரம்மோடு சேர்த்து நான் வாங்கிய பெட்டி அது. உள்ளே எண் போட்ட நிறக் கண்ணாடிச் சில்லுகள். வறுத்ததை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்து, அந்தத் தண்ணீரைச் சில்லோடு ஒப்பிட வேண்டும். அறுபதாம் சில்லுக்கு அச்சாகக் கொண்டுவந்தேன். தானியம் காப்பிக்கொட்டை போல இருந்தது. மருமகன் கொஞ்சம் தயங்கி, "சூப்பர் மாமா" என்றார். மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்: ஜெர்மனியில் என் பார்லிதான் கொதிக்கிறது என்று.

இந்த வருஷம் லீவுக்கு அவர்கள் அங்கிருந்து கிளம்புவதற்கு முன் மகள் போன் செய்தாள்.

"நைனா, அவரு சொல்றது ஐரோப்பா அளவு. உன் பெட்டி வேற. அவரு சொல்ற அறுபது உன் சில்லுல இருபத்திமூணுதான். போன தபா பீரு கருகின காப்பி மாரி ஆயிடுச்சி."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"மாமனாரு மனசு நோவும்னு வாயத் தொறக்கல. நான் சொன்னேன்னு நீயும் சொல்லிடாத."

நன்றாக மாட்டிக்கொண்டேன். சரியாக வறுத்தால் போன வருஷத்து வறுவல் தப்பென்று ஊருக்கே தெரியும், மகளையும் காட்டிக்கொடுத்ததாகும். கருக்கினால் அவர் மறுபடியும் அதையே சுமந்துபோக வேண்டும்.

போன வாரம் மருமகன் டிரம் பக்கத்தில் வந்து நின்றார். "போன தடவ மாதிரியே மாமா." நடுவில் கொஞ்சம் எடுத்து, அரைத்துக் கிளாஸில் வடித்துப் பார்த்தேன். இருபத்திமூன்றுக்குப் பக்கம். தானியம் நல்ல பிஸ்கட் நிறம். அவர் கண் அந்தக் கிளாஸை விட்டு நகரவில்லை. திறந்து கொட்டிவிடலாமென்று டிரம் கதவின் பிடியில் கை வைத்தேன்.

"இன்னா மாப்ள, போதுமா?"

நான் யாரிடமும் அப்படிக் கேட்டவனில்லை.

அவர் கிளாஸிலிருந்து பார்வையை எடுத்தார். "உங்களுக்குத் தெரியாததா மாமா."

மில்லில் மாவுக்குக் காத்திருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். பிடியிலிருந்து கையை எடுத்தேன். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. அது கறுக்கிற வரைக்கும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.