படுக்க வைக்காத பைக்

பழுதான பைக்குகளை வேனில் ஏற்றி எஹலியகொட கராஜுக்குக் கொண்டுபோவது என் தொழில். எனக்குப் படிப்பு ஏறவில்லை. பைக்காவது ஏற்றத் தெரிந்தது. தெரணியகலையில் ஒருநாள், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த தோட்டத்தைக் காவல் காக்கும் வாட்சர் ஒருவர் நசுங்கிய பைக்கைத் தள்ளி வந்தார். வேனில் ஏற்றி, பெட்ரோல் குழாயை அடைத்துப் பைக்கைப் படுக்கச் சாய்த்தேன்.

"படுக்க வைக்காதீங்க தம்பி."

"செத்த வண்டிதானேங்க, படுத்தா என்ன?" என் வாய்க்கு பிரேக் கிடையாது.

"இதுல விழுந்த மகன படுக்க வச்சுத்தான் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம். எந்திரிக்கவே இல்ல."

பைக்கை நிமிர்த்தி, கியரில் போட்டு, இருபக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். அவர் முன்சீட்டில் ஏற மறுத்து, பின்னால் பைக்கைப் பிடித்தபடி நின்றார். ஒவ்வொரு வளைவிலும் அவர் குரல் கேட்டது.

"மொடக்கு வருது மகன், நல்லா புடிச்சுக்க."

நான் வேகத்தைக் குறைத்தேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று இன்றுவரை தெரியவில்லை.