வெளியூர்க்காரனும் படுதாக் கயிறும்

முதலில் அச்சுக்கோக்கிற தம்பியிடம் மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. எழுத்து கோணும், ரகரமும் றகரமும் இடம் மாறி உட்காரும். வாராவாரம் நீங்கள் திருத்திப் போடுவதால்தான் வாசகர்கள் என்னைப் படித்தவன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

காணும் பொங்கலன்று எங்கள் ஊரில் நாடகம். பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் சின்ன ஊர். நான் நடிப்பவன் அல்ல — நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். படுதா இழுப்பவன். இருபது வயதில் பிடித்த கயிறு, தலை நரைத்தும் விடவில்லை. ஊரில் என் பேரே 'கயிறு'தான்.

அதில் ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் நாடகம் பார்ப்பார்கள். நான் ஜனங்களின் முகத்தைப் பார்ப்பேன்.

கதை பழசு. ஏரி உடைகிறது. வழிப்போக்கன் ஒருவன் மழையில் நின்று உடைப்பை அடைக்கிறான். பிறகு, இங்கேயே ஒரு குடிசை போட்டுக்கொள்கிறேன் என்கிறான். நாட்டாமை பஞ்சாயத்தைக் கூட்டி, 'நீ யார்? உனக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்கிறார்.

ஐம்பதுகளின் கடைசியில் இதை முதன்முதலாகப் போட்டபோது என்ன நடந்தது தெரியுமா? வழிப்போக்கன் எதிர்க்கேள்வி கேட்டான். ஜனங்கள் பொங்கிவிட்டார்கள்.

"அடைச்சியா, கூலிய வாங்கிக்கினு போய்க்கினே இரு! நாட்டாமைகிட்டயே இன்னா வாயி?"

மண்ணாங்கட்டி பறந்தது. நடித்தவன் உள்ளூர்ப் பையன்தான்! ஆனாலும் வேஷம் வெளியூர் வேஷமாயிற்றே... படுதாவை இறக்கினேன்.

மறு வருஷம், நாடகம் எழுதிய வாத்தியார் ஒரு காட்சி சேர்த்தார். கிழவி ஒருத்தி ஓடிவந்து, வழிப்போக்கன் தோளில் மச்சத்தைப் பார்த்து, 'நீ நாட்டாமையின் காணாமற்போன அண்ணன் மகன்' என்று கதறுவாள். அவ்வளவுதான். மண்ணாங்கட்டி எறிந்த அதே கைகள் தட்டின. நம்ம ரத்தம் என்றால் சரி!

இந்த வருஷம் வழிப்போக்கன் வேஷக்காரனுக்கு, இந்தப் பக்கம் புதிதாக வந்திருக்கிற ஒரு கம்பெனியில் திடீரென்று செகண்ட் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். வசனம் முழுக்கத் தெரிந்த வேறு ஆள் ஒருவர்தான் — சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கம். அதே கம்பெனியில் ஃபிட்டர். எங்கள் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர். ஒத்திகையை வேடிக்கை பார்த்துப் பார்த்தே பாடமாக்கியிருந்தார்.

நாடகக் கமிட்டி ஏழுமலை என்னைத் தனியே இழுத்தார். "கயிறு, ஜனங்க கத்த ஆரம்பிச்சா ஒடனே எறக்கிடு. வெளியூரு ஆளு மேல கல்லு கில்லு வுழுந்தா நம்ம மானம் பூடும்."

அது சுடலைமுத்துவின் காதிலும் விழுந்துவிட்டது.

"படுதா எறங்கிச்சுன்னா நாளைக்கு இந்தத் தெருவுல எப்படி நடக்க, அண்ணாச்சி? வேற ஊர்ல ரூம் பாக்க வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு மேடைப் பக்கம் போனார். நான் கயிற்றுப் பக்கம் போனேன்.

பஞ்சாயத்துக் காட்சி. நாட்டாமை வேஷத்தில் ஏழுமலையே. "நீ யாரு? எந்த ஊரு? உனக்கு இங்க இன்னா வேலை?"

சுடலைமுத்துவுக்கு வசனம் மறந்துவிட்டது. வந்தது அவருடைய சொந்தப் பேச்சு.

"எந்த ஊருன்னு கேக்கியளே... ஏரி ஒடஞ்ச அன்னைக்கு ஏன் கேக்கல?"

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். ஏழுமலை மேடையிலிருந்தே கண்ணைக் காட்டுகிறார் — இறக்கு, இறக்கு!

நான் முகங்களைப் பார்த்தேன். ஒரு முகம்கூட சுடலைமுத்துவைத் திட்டவில்லை. எல்லாம் நாட்டாமையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன!

"யோவ் ஏழுமலை, பதில் சொல்லுய்யா!"

"கம்பெனி கேட்டாண்ட நிக்கிற வாட்ச்மேன் மாரியே கேக்குறியே!"

முன்வரிசையில் பாக்கியம் எழுந்து நின்றாள். அவள் விற்ற நிலத்தில்தான் இன்று ஒரு கம்பெனியின் காம்பவுண்டு நிற்கிறது. அதன் ஓரமாகப் புல்லறுக்கப் போனவளை வாட்ச்மேன், 'யாரும்மா நீ? இங்க என்ன வேலை?' என்று விரட்டிய கதை ஊருக்கே தெரியும்.

"நீ எங்கியும் போவாத தம்பி! எங்க வூட்டாண்ட எடம் கீது. வந்து குடிசை போட்டுக்கோ!"

நாடகம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அன்று கூலி வாங்கிக்கொண்டு போகச் சொன்ன ஊரா இது? அன்று நாட்டாமையின் கேள்வியை எல்லோரும் அவர் பக்கம் உட்கார்ந்து கேட்டோம். இன்று வீட்டுக்கு ஒருவர் ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் அதே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

என் பக்கத்தில், கிழவி வேஷம் கட்டிய முனுசாமி புடவையைத் தூக்கிப் பிடித்தபடி தவித்துக்கொண்டிருந்தார்.

"டேய் கயிறு, மச்சம் பாக்க நான் எப்போடா போறது?"

"போவ வேணாம்ணே."

"இன்னாடா சொல்ற? நான் போவலன்னா அவன் யாருன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களுக்கு வேணாமாம்ணே."

கைதட்டல் உச்சத்தில் இருக்கும்போதே படுதாவை இறக்கினேன். வழிப்போக்கன் கடைசிவரை வழிப்போக்கனாகவே இருந்து ஜெயித்தான். எங்கள் ஊரில் அது முதல் தடவை.

மறுநாள் காலை சுடலைமுத்து தெருவில் எப்படி நடந்தார் என்கிறீர்களா? நடக்க எங்கே விட்டார்கள்! வீட்டுக்கு வீடு காபிக்குக் கூப்பிட்டதில் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டார்.

முனுசாமிதான் என்னோடு பேசுவதில்லை — இதை எழுதி முடிக்கிற, தை மாதத்துக் கடைசி ஞாயிறாகிய இன்றுவரை.