மாமாவுக்குப் பின்னால் நின்ற சுவர்

கஞ்சி போட்ட துணியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி ஏறும்போது ஒரு வாசனை எழும். வெந்த சோறும் வெயிலும் கலந்த வாசனை. காலை ஆறரைக்கு லம்பா லைன் என்ற குடியிருப்பில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அதுதான் என்னை எதிர்கொண்டது. சாத்தூரில் அம்மா நூல் சேலைகளுக்குக் கஞ்சி போடும் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனை கடலையும் தாண்டி வந்து முன்னால் நின்றன. வீட்டு வராந்தாவில் எண்பத்தைந்து வயது மனிதர் ஒருவர் தன் வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இவருதான்க்கா நேத்து நான் சொன்ன ஃபௌஜி, பட்டாளத்துக்காரரு,” என்றார் ஆட்டோ ஓட்டும் சேவியர். தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பம், பிறந்தது இங்கே. “என்ன ஹவில்தாரு, காலங்காத்தால பொண்ணு பாக்கவா கெளம்புதீய?”

“ஆமாடா, உனக்குத்தான். ஒருத்தியும் சம்மதிக்க மாட்டேங்கிறா.”

நான் முந்தின நாள்தான் வந்திருந்தேன். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். பலகைகளில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது; வாய்களில் இன்னும் போர்ட் பிளேர்தான். என் பையில் ஒரு பழைய புகைப்படம். அம்மாவின் அண்ணன், முத்தையா மாமா. இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவர். படத்தைக் காட்டி விசாரித்தபோதுதான் சேவியர் இந்தப் பெரியவரைச் சொன்னார்.

மூன்று வருஷம் அவரிடமிருந்து சேதி இல்லை. போர் முடிந்த மறு வருஷம் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே இந்தப் படம் மட்டும். பின்புறம் பென்சிலில் ‘போர்ட் பிளேர்’ என்று ஆங்கில எழுத்து. கடிதம் இல்லை. போரில் செத்துப்போன அடுத்த தெருச் சிப்பாய் ஒருவனின் பெட்டி இப்படித்தான் பேச்சில்லாமல் வந்து சேர்ந்திருந்தது. ஆகவே தாத்தா முடிவு செய்துவிட்டார். பதினோரு வயது அம்மாவைக் கூப்பிட்டு, படத்தின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைக்கச் சொன்னார். போனவர்களின் படத்துக்குத்தான் எங்கள் வீட்டில் பொட்டு. கண்ணாடிச் சட்டம் போட வசதி வரும்வரை வருஷா வருஷம் காகிதத்தின் மேலேயே சந்தனம். அது நெற்றியைத் தின்று, தொப்பியில் இருந்த முத்திரையையும் தின்றுவிட்டது. முத்திரை இல்லாமல் எந்தப் படை என்று எப்படிச் சொல்வது? கேட்ட இடமெல்லாம் கை விரித்தார்கள்.

அம்மாவுக்கு இப்போது தொண்ணூறு. படை எதுவானால் அவளுக்கென்ன. “நான் பொட்டு வைக்கிறப்ப அவன் உசுரோட இருந்தானான்னு மட்டும் கேட்டுட்டு வா” என்றுதான் அனுப்பினாள். இருக்கிறவனுக்குப் பொட்டு வைத்து அனுப்பிவிட்டோமோ என்ற பயம். பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு உள்ளே போன பயம், அவளோடு சேர்ந்து கிழவியாகியிருந்தது.

ஹவில்தார் வேலுச்சாமிக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். ராணுவத்திலிருந்து வந்து, தெற்குக் கோடியில் உள்ள கேம்பல் பேயில் அரசு கொடுத்த நிலத்தில் குடியேறியவர்களில் ஒருவர். கண் அறுவைக்காகக் கப்பலில் இரண்டு இரவு பயணம் செய்து, மகள் வீட்டுக்கு வந்திருந்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படத்தை வாங்கினார்.

“தொப்பியிலதான் ஐயா ஒண்ணும் தெரியல,” என்றேன்.

“தொப்பிய விடும்மா. சட்டையப் பாரு. கை மடிப்பு கத்தி மாதிரி நிக்குது. கஞ்சி! சண்டைக்கு நடுவுல எவன் கஞ்சி போடுவான்?” விரல் மெல்லப் பின்னால் நகர்ந்தது. “இந்தச் சுவரு... சேவியரு, வண்டிய எடு.”

ஏழரை மணி. கார்பின்ஸ் கோவ் கடற்கரைச் சாலை. இருநூற்றைம்பது ரூபாய் பேசிய சேவியர், பாதி வழியில் “இருநூறு போதும், இது நம்ம கேஸு” என்றார். சாலை ஓரத்தில் கடலைப் பார்த்து ஒரு சிமென்ட் பங்கர். துப்பாக்கி நீட்ட நீளமான ஒரு துவாரம். உள்ளே ஆட்டுப் புழுக்கை. படத்தை அதன் அருகில் பிடித்தேன். துவாரத்தின் மேல் விளிம்பில் உடைந்த மூலை, படத்திலும் அதே மூலை. நாங்கள் மூன்று தலைமுறையாக அந்த முகத்தையே பார்த்திருக்கிறோம். முகத்துக்குப் பின்னால் ஒருவரும் பார்க்கவில்லை.

“இது சண்டையப்ப இந்த ஊரப் புடிச்சிருந்த ஜப்பான்காரன் கட்டுனது. உடுப்பு வெள்ளைக்காரன் குடுத்தது. இவரு இங்க சாவகாசமா நிக்கணும்னா ஜப்பான்காரன் தோத்துக் கெளம்பிருக்கணும். அவ்வளவுதான். சண்டை முடிஞ்சப்பறம் எடுத்த போட்டோம்மா.”

“கடிதாசி ஏன் இல்ல?”

“எழுதத் தெரியுமா அவருக்கு?”

தெரியாது. கைநாட்டு.

“எனக்கும் அப்பத் தெரியாது. போஸ்டிங் மாறுனா சட்டைக்குக் கஞ்சி போட்டு ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவேன். விலாசம் மட்டும் யாராச்சும் எழுதித் தருவாங்க. நல்லா இருக்கேன்னு அர்த்தம்.”

அலை வந்து போய்க்கொண்டிருந்தது. நல்லா இருக்கேன் என்று ஒருவன் அனுப்பிய சேதிக்கு நாங்கள் பொட்டு வைத்திருக்கிறோம். பதிலுக்கு அவன் எத்தனை மாதம் காத்திருந்தானோ. அம்மாவிடம் பொய் சொல்லிவிடலாமா என்று யோசிக்கும்போதே சாத்தூரிலிருந்து போன் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“இருந்தானா?” என்றாள் அம்மா.

என்னால் முடியவில்லை. “இருந்தாரும்மா. அவர்தான் படத்தை அனுப்பியிருக்காரு.”

“இரு, உக்காந்துக்கிறேன்.” நாற்காலி இழுபட்டது. “நல்லா இருந்தானாடி?”

“கஞ்சி போட்ட சட்டை போட்டிருக்காரும்மா.”

“யாரு போட்டுக் குடுத்திருப்பா?” அவள் குரல் எங்கோ ஏறியது. “அங்க ஒருத்தி இருந்திருப்பாளோ? புள்ளகுட்டி இருக்குமோ?”

பட்டாளத்தில் துணி வெளுக்கத் தோபி உண்டு என்று சொல்ல ஹவில்தார் வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மறுநாள் மதியம் எனக்கு விமானம். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் லம்பா லைனில் இறங்கி, மாமாவின் வழியில் யாராவது இருந்தால் விசாரிக்கச் சொல்லி ஹவில்தாரிடம் படத்தின் பிரதிகள் பத்து கொடுத்தேன். ஒன்றை சேவியர் வடக்கே ரங்கத் ஊருக்குப் போகும் பஸ்ஸில் தெரிந்தவரிடம் கொடுத்தனுப்புவதாக வாங்கிக்கொண்டார். மற்றவை கேம்பல் பே கப்பலில் ஹவில்தாரோடு போகும். என் வாழ்க்கையில் நான் எந்த ஊரிலும் தங்க ஆசைப்பட்டதில்லை, கிளம்பிக்கொண்டே இருப்பவள். அன்று ஆட்டோவில் ஏறக் கால் வரவில்லை.

“யாரும்மா இதுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?” என்றார் ஹவில்தார்.

“செத்துப்போன எங்க...” என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் வேணாம்,” என்று மறித்தார். “வீட்ல தேடுறாங்கன்னு சொல்லிக்கிறேன். நீ போயிட்டு வா.”